புல்லு வெட்டுற மெசினுக்கு 92ஓ 95ஓ? சின்ன எஞ்சினுகளுக்கு எண்ணெய் ஊத்த முதல் பாக்க வேண்டியது

புதுசா ஒரு புல்லு வெட்டுற மெசினோ ரெண்டு இஞ்சி வோட்டர் பம்மோ வேண்டின ஆக்கள் முதல் கேக்கிறது 92 ஒக்டேன் பெற்றோல் அடிக்கிறதோ 95 அடிக்கிறதோ எண்டுதான். மறுமொழியை முதலே சொல்லிப்போடுறன். யாழ்ப்பாணத்தில எங்கட வளவுகளிலயும் தோட்டங்களிலயும் ஓடுற சின்னப் பெற்றோல் எஞ்சினுகளில அநேகமானதுக்கு 92 காணும், 95க்குக் கூடக் குடுக்கிற காசுக்கு அந்த எஞ்சின் ஒண்டும் திருப்பித் தராது. கராஜில பழுதெண்டு வந்து கிடக்கிற சின்ன மெசினுகளைப் பாருங்கோ, 95 அடிக்காததால போச்சுது எண்டு ஒண்டும் கிடவாது, ஒயில் கலக்க வேண்டியதுக்குக் கலக்காமல் ஓடி பிஸ்ரன் பிடிச்சது, மாரி முழுக்க தாங்கிக்குள்ள கிடந்த பெற்றோல் பசையாகி காபரேற்றர் (பெற்றோலையும் காத்தையும் கலந்து விடுற சாமான்) அடைச்சது, பெற்றோலுக்குள்ள தண்ணி போனது, மண்ணெண்ணெய் கலந்தது, இப்பிடித்தான் இருக்கும். அதால நம்பரைப் பற்றிக் கொஞ்சமும் மிச்சத்தைப் பற்றிக் கூடவும் எழுதுறன்.

முதல்ல உங்கட மெசின் என்ன சாதி எண்டு பாருங்கோ

பெற்றோல் செட்டுக்குக் கலனோட போக முதல் மெசினை வெளிச்சத்தில வச்சு ஒருக்கா வடிவாப் பாருங்கோ. பெற்றோல் ஊத்துற மூடியில சொட்டுப் படத்தோட 25:1 அல்லது 50:1 எண்டு போட்டிருந்தால் அது ரூ ஸ்ரோக், பெற்றோலுக்குள்ள ஒயில் கலந்துதான் ஊத்தவேணும். எஞ்சினுக்குக் கீழ்ப்பக்கம் ஒயில் ஊத்த எண்டு தனியா ஒரு மூடி, அதைக் கழட்டினால் அளவு பாக்கிற குச்சி வருதெண்டால் அது ஃபோர் ஸ்ரோக், அதுக்குத் தனிப் பெற்றோல்தான், ஒயில் அதின்ர இடத்தில தனியா இருக்கும்.

மரம் அரியிற செயின் சோ எல்லாம் ரூ ஸ்ரோக்தான். முதுகில கொழுவி மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர், 950 எண்டு சொல்லுற அந்தச் சின்ன ஜெனரேற்றர், இதுகளும் பெரும்பாலும் அப்பிடித்தான். ரெண்டு இஞ்சி, மூண்டு இஞ்சி வோட்டர் பம் பெரும்பாலும் ஃபோர் ஸ்ரோக். குழப்பம் வாறது தோளில கொழுவிற புல்லு வெட்டுற மெசினிலதான், வெளியில பாக்க ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஹொண்டா ஜிஎக்ஸ் 35 போட்ட மெசின் ஃபோர் ஸ்ரோக், அதுக்கு எஞ்சின் ஒயில் 100 மில்லி தனியா ஊத்தவேணும், பக்கத்து வீட்டு அண்ணை தன்ர மெசினுக்குக் கலந்து வச்ச பெற்றோலை இரவல் வேண்டி இதுக்கு ஊத்தினால் புகையும் கறுத்த பிளக்கும்தான் மிச்சம். அதை விட மோசம் மற்றப் பக்கத்தால நடக்கிறது. ரூ ஸ்ரோக்குக்குத் தனிப் பெற்றோலை ஊத்தி ஓடினால் கொஞ்ச நேரத்திலயே பிஸ்ரனும் சிலிண்டரும் உரஞ்சி இறுகிடும், பிறகு கயிறு இழுபடாது.

லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) வச்சிருக்கிற ஆக்களுக்கு இந்தக் கட்டுரையில பெரிசா ஒண்டும் இல்லை, அது டீசல், சாதாரண ஓட்டோ டீசல் காணும், சுத்தமா இருந்தால் சரி.

ஒக்டேன் எண்டால் என்ன

ஒக்டேன் நம்பர் பெற்றோலின்ர பலத்தைக் காட்டுறது எண்டு கனபேர் நினைக்கினம், 95 எண்டால் மெசின் கூட இழுக்கும், கெதியா வெட்டும் எண்டு. அந்த நம்பர் காட்டுறது வேற விசயம். சிலிண்டருக்குள்ள காத்தும் பெற்றோலும் அமத்துப்படேக்க சூடாகும், அந்தச் சூட்டில பிளக் நெருப்பு அடிக்க முதலோ, அடிச்ச நெருப்பு வந்து சேர முதலோ ஒரு மூலையில தானா வெடிக்கிறதை அந்தப் பெற்றோல் எவ்வளவு தாங்கும் எண்டதுதான் ஒக்டேன். அப்பிடித் தானா வெடிச்சால் இரும்பில தட்டுற மாதிரி டிங் டிங் எண்டு கேக்கும், அதைத்தான் நொக்கிங் எண்டு சொல்லுறது, தொடர்ந்து நடந்தால் பிஸ்ரன் மண்டை அரிச்சுப் போகும்.

எவ்வளவு அமத்துப்படுகுது எண்டதுதான் கொம்பிரஷன். ஹொண்டா ஜிஎக்ஸ் 160ஐயும் அதைப் பாத்துச் சீனாவில செய்யிற எஞ்சினுகளையும் எடுத்தால், எங்கட பம்முகளில கனக்க இருக்கிறது இதுகள்தான், கொம்பிரஷன் எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில நிக்கும். இதுக்கு ஹொண்டாக்காரரே கேக்கிறது 91 ஒக்டேனுக்குக் குறையாத பெற்றோல், செட்டில கிடைக்கிற குறைஞ்ச ரகமே 92. கதை அவ்வளவுதான். செட்டில 92 முடிஞ்சு 95 மட்டும் இருந்தால் அதை ஊத்துறதால எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை, காசு மட்டும் கூடப் போகும்.

கனடாவில இருந்து வந்த மெசினும் 87 எண்ட நம்பரும்

எங்கட இடத்தில இது ஒரு தனிப் பிரச்சினை. சித்தப்பாவோ மாமாவோ கனடாவில இருந்து பெட்டி போடேக்க ஒரு செயின் சோவும் அனுப்பியிருப்பினம், மெசினோட வாற விளக்கக் கொப்பியில ஒக்டேன் 87 அல்லது அதுக்கு மேல எண்டு போட்டிருக்கும். அதைப் பாத்திட்டு 92 கூடிப்போச்சு, எஞ்சினுக்குக் கூடாதோ எண்டு பயப்பிடுற ஆக்களும் இருக்கினம், 87 காணுமெண்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு இறக்கலாம்தானே எண்டு கணக்குப் பாக்கிற கெட்டிக்காரரும் இருக்கினம். ரெண்டும் பிழை. கனடாவிலயும் அமெரிக்காவிலயும் ஒக்டேனை அளக்கிற முறை வேற. ஆர்.ஓ.என், எம்.ஓ.என் எண்டு ரெண்டு விதமா அளந்து அதின்ர சராசரியைத்தான் அங்க பம்மில போடுறது, இலங்கையில போடுறது ஆர்.ஓ.என் மட்டும். அதே பெற்றோலுக்கு எங்கட நம்பர் நாலு அஞ்சு கூடவா நிக்கும். ஆகவே அவையின்ர 87 எண்டது கிட்டத்தட்ட எங்கட 91, 92. அவையின்ர கொப்பியில 89 எண்டு இருந்தால் மட்டும் எங்கட கணக்கில 93, 94 வரும், அதுக்கு 95 அடிக்கிறது நியாயம். சில செயின் சோவுக்கு அப்பிடிக் கேப்பினம், அதுவும் ஒரு நாளைக்கு முடியிறது ஒரு லீற்றர் ரெண்டு லீற்றர்தானே, சல்லித்தனம் பாக்காதேங்கோ.

இன்னொண்டு, தமிழ்நாட்டு யூரியூப் வீடியோக்களைப் பாத்திட்டு ஈ20 பெற்றோல் சின்ன எஞ்சினைச் சாப்பிடுது எண்டு கேள்வி வருது. அது இந்தியாவில 20 வீதம் எதனோல் கலந்து விக்கிற பெற்றோலைப் பற்றின கதை. பெரும்பாலான சின்ன எஞ்சின் கொப்பியில 10 வீதம் வரைக்கும் எதனோல் பறவாயில்லை எண்டு இருக்கும், அதுக்கு மேலதான் றப்பர் குழாயும் காபரேற்றர் சாமானும் பாதிக்கும். அங்கத்தைப் பயத்தை இங்க கொண்டுவந்து ஒக்டேன் பூஸ்ரர், அது இது எண்டு கடையில போத்தல் போத்தலா வேண்டிச் செலவழிக்க வேண்டாம்.

மண்ணெண்ணெய் விசயம்

இதில கொஞ்சம் நிண்டு கதைக்கவேணும், ஏனெண்டால் எங்கட ஊரில மண்ணெண்ணெயில எதையும் ஓட்டலாம் எண்ட நம்பிக்கை இன்னும் இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு. 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில பெற்றோல் வராத காலத்தில மோட்டச்சைக்கிள், கார், இறைக்கிற மெசின் எல்லாம் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. சின்னப் போத்தலில கொஞ்சம் பெற்றோலை வச்சுக்கொண்டு காபரேற்றர் பக்கத்தால ரெண்டு பீச்சுப் பீச்சி உழக்கி ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடாக மண்ணெண்ணெயில விடுறது. அந்தக் காலத்தைக் கண்ட அப்பாமார் இப்பவும் அதையே சொல்லித் தருவினம். ஓடினது உண்மை. ஆனால் ஏ40, மொறிஸ் மைனர் காருகள் போல அண்டைக்கு ஓடின பழைய எஞ்சினுகளின்ர கொம்பிரஷன் இப்பத்தையதை விடக் குறைவு, அதால தாங்கினது, அப்பிடியிருந்தும் புகையும் கரியும் கொஞ்சநஞ்சம் இல்லை, பிளக்கைக் கழட்டிக் கழட்டித் துடைச்ச கதை எல்லா வீட்டிலயும் இருக்கும். மண்ணெண்ணெயின்ர ஒக்டேன் பெற்றோலுக்குக் கிட்டவும் வராது, இண்டைய பெற்றோல் பம்முக்கு அதை ஊத்தினால் பாரம் ஏறேக்க நொக்கிங் அடிக்கும், எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்கைத் தாண்டிக் கீழ இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். குச்சியை எடுத்துப் பாத்தால் ஒயில் அளவு குறையாமல் கூடியிருக்கும், மணந்து பாத்தால் மண்ணெண்ணெய் மணக்கும். அப்பிடி இருந்தால் உடனே ஒயிலை மாத்துங்கோ, ஓடவிட வேண்டாம்.

மண்ணெண்ணெயிலயே ஓடவெண்டு கொம்பிரஷன் குறைச்சுச் செய்த பம் தனியா இருக்கு. ரெண்டு தாங்கி இருக்கும், அல்லது ஒரு தாங்கிக்குள்ள சின்னதா ஒரு பெற்றோல் அறை இருக்கும், திருப்பிற ரப் ஒண்டு இருக்கும். அதைப் பாவிக்கிற ஒழுங்கு இதுதான்: பெற்றோலில ஸ்ராட் பண்ணி ஒரு அஞ்சு நிமிசம் விட்டு நல்லாச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்புங்கோ, இறைப்பு முடியப் போகுதெண்டேக்க திருப்பிப் பெற்றோலுக்கு மாத்தி, காபரேற்றருக்குள்ள கிடக்கிற மண்ணெண்ணெய் எரிஞ்சு முடியும் வரைக்கும் ஓடவிட்டு நிப்பாட்டுங்கோ. இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் நிப்பாட்டினால் அடுத்த நாள் விடிய வெங்காயப் பாத்தியில தண்ணிக்குக் காத்துக்கொண்டிருக்கேக்க தோள்மூட்டு கழர இழுத்தாலும் ஸ்ராட் ஆகாது. எஞ்சின் ஒயிலையும் பெற்றோல் பம்மை விட அடிக்கடி மாத்தவேணும்.

காசு லாபமோ எண்டு கேட்டால், முந்தி எண்டால் ஓம். 2022 ஆவணியில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில இருந்து ஒரேயடியா 340 ரூபாவுக்குப் போச்சுது. அதுக்குப் பிறகு அந்தப் பழைய கணக்கு சரிவராது. புதுசாப் பம் வேண்டுற ஆள் மண்ணெண்ணெய்ப் பம்மைத் தேட முதல் அந்த மாசத்து விலைகளை வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒயில் செலவையும் சேத்து. நான் எண்டால் பெற்றோல் பம், இல்லாட்டிக் கறண்ட் மோட்டர்.

ரூ ஸ்ரோக்குக்குக் கலக்கிறது

முதல்ல ஒயில். கடையில 2ரி ஒயில் எண்டு கேளுங்கோ, போத்தலில ஜப்பான் தர அடையாளமான ஜாசோ எஃப்சி (JASO FC) அல்லது எஃப்டி (FD) எண்டு அடிச்சிருக்கோ எண்டு பாருங்கோ, எஃப்டி இன்னும் நல்லது. மோட்டச்சைக்கிளுக்கு விடுற 20டபிள்யூ40 ஒயில் இதுக்கு ஆகாது, அது எரியிறதுக்குச் செய்த ஒயில் இல்லை. குருநகர், பாசையூர், மயிலிட்டிப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லவேணும், போட் எஞ்சினுக்கு வேண்டி வச்ச ரி.சி.டபிள்யூ 3 ஒயில் வீட்டில இருக்குதெண்டு அதைப் புல்லு வெட்டுற மெசினுக்குக் கலக்க வேண்டாம். போட் எஞ்சின் கடல்தண்ணியில குளிருது, புல்லு வெட்டுற மெசின் வெறும் காத்தில, அதுவும் சித்திரை வெய்யிலுக்குள்ள, அந்தச் சூட்டுக்கு அந்த ஒயில் செய்யப்படேல்லை.

அளவு கொப்பியில இருக்கிறபடி. கணக்கு லேசு, 1000 மில்லியை அந்த நம்பரால பிரியுங்கோ. 50:1 எண்டால் லீற்றருக்கு 20 மில்லி, 40:1க்கு 25, 25:1க்கு 40. கொப்பி இல்லாத சீன மெசின் எண்டால் 25:1 பாதுகாப்பு, கொஞ்சம் புகைக்கும், இடைக்கிடை பிளக்கும் சைலன்சர் வாயும் துடைக்கவேணும், அவ்வளவுதான். மூடியால அளக்கிறது, கண்மட்டத்தில ஊத்திறது எல்லாம் வேண்டாம், பாமசியில 20 மில்லி சிறிஞ்ச் ஒண்டு வேண்டி வையுங்கோ. புண்ணியத்துக்கு இன்னும் கொஞ்சம் ஒயில் கிடக்கட்டும் எண்டு விடுறதும் நல்லதில்லை, ஒயில் கூடக் கூட அந்த அளவுக்குப் பெற்றோல் குறையுது, கரி பிடிச்சு சைலன்சர் அடைச்சு மெசின் இழுவை இல்லாமல் போகும்.

கலக்கிறது வேற கலனிலதான், மெசின் தாங்கிக்குள்ள வச்சுக் கலக்கக்கூடாது. பாதிப் பெற்றோலை ஊத்தி, ஒயிலை விட்டு, மூடிக் குலுக்கி, மிச்சப் பெற்றோலை ஊத்தித் திரும்பக் குலுக்குங்கோ. ஒவ்வொரு முறை மெசினுக்கு ஊத்தேக்கயும் கலனைக் குலுக்கிப்போட்டு ஊத்துங்கோ. கலனில மார்க்கர் பேனையால "ஒயில் கலந்தது 50:1" எண்டும் திகதியும் எழுதுங்கோ. 2ரி ஒயிலுக்கு நீலம், பச்சை, சிவப்பு எண்டு சாயம் போடுறதே கலந்ததோ கலக்காததோ எண்டு பாத்தவுடன தெரியத்தான், ஆனால் பின்னேரம் இருட்டுக்குள்ள நிறம் தெரியாது, எழுதி வச்சால் தெரியும்.

பெற்றோல் புதுசோ, சுத்தமோ

என்னைக் கேட்டால் 92, 95 எண்டு யோசிக்கிற நேரத்தில பாதியை இதுக்குச் செலவழிக்கலாம். பெற்றோல் அரிசி மாதிரி மூட்டையில கட்டி வைக்கிற சாமான் இல்லை. அதில லேசான பகுதி முதல் ஆவியாப் போகும், லேசான பகுதிதான் குளிர் எஞ்சின் ஸ்ராட் ஆக உதவுறது, மிஞ்சினது காத்தோட சேந்து மெல்ல மெல்லப் பசையாகும். காபரேற்றர் ஜெற்றின்ர ஓட்டை தையல் ஊசி முனைக்குக் கிட்ட இருக்கும், அதை அடைக்க எவ்வளவு பசை வேணும். எங்கட வெக்கைக்கு ஒரு மாசத்துக்கு மேல வைக்காமல் பாவிக்கப் பாருங்கோ, ஒயில் கலந்ததும் அப்பிடித்தான். 2022இல செட்டு வாசலில நாள்க்கணக்கா வரிசையில நிண்ட பயத்தில கனபேர் கலன் கலனா ஒளிச்சு வச்சவை, கியூஆர் பங்கீட்டு முறை வந்து நிலைமை சரியான பிறகு அந்தப் பழசைத் தூக்கி மெசினுகளுக்கு ஊத்திப்போட்டு ஸ்ராட் ஆகேல்லை எண்டு திரிஞ்சவை. பழுதான பெற்றோல் புளிச்ச வானிஷ் மணம் மணக்கும், நிறமும் மங்கும்.

தண்ணி இருக்குதோ எண்டு பாக்கிறது லேசு, தெளிவான கண்ணாடிப் போத்தலில கொஞ்சம் எடுத்து ஒரு பத்து நிமிசம் ஆடாமல் வையுங்கோ, தண்ணி பாரம் கூட எண்டபடியால் அடியில கோடு போட்டு நிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ள பாதித் தாங்கியோட வெளியில விட்ட மெசினில இது கட்டாயம் பாக்கவேணும். மண்ணெண்ணெய் கலந்ததோ எண்டு சந்தேகமெண்டால் வெள்ளைக் கடதாசியில ஒரு சொட்டு விடுங்கோ, பில்ரர் கடதாசி எண்டால் இன்னும் நல்லது. நல்ல பெற்றோல் ரெண்டு நிமிசத்துக்குள்ள கறை இல்லாமல் காஞ்சிடும், எண்ணெய்க்கறை மிஞ்சினால் அதை மெசினுக்கு ஊத்தாதேங்கோ. ரோட்டோரத்தில போத்தலில வச்சு விக்கிறதை வேண்டினால் இந்தச் சோதனை செய்யாமல் விடாதேங்கோ.

செட்டில கலனுக்கு அடிக்கேக்க கலனை நிலத்தில வச்சு, குழாய் வாய் கலன் வாயில முட்டினபடி அடிக்கச் சொல்லுங்கோ. மோட்டச்சைக்கிள் சீற்றில வச்சோ ஓட்டோவுக்குள்ள வச்சோ அடிச்சால் நிலைமின் பொறி தட்ட இடம் இருக்கு. முட்ட நிரப்பாதேங்கோ, சூட்டுக்குப் பெருக்கும். சோடாப் போத்தல், தண்ணிப் போத்தல் கட்டாயம் வேண்டாம், சின்னப் பிள்ளையள் தண்ணி எண்டு நினைச்சு மண்ணெண்ணெய், பெற்றோல் குடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போறது எங்கட நாட்டில புதுசில்லை. அப்பிடி நடந்தால் சத்தி எடுக்க வைக்காதேங்கோ, சத்தியோட அது சுவாசப்பைக்குள்ள போனால்தான் பெரிய ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ.

மெசினைக் கொஞ்ச நாளைக்கு எடுத்து வைக்கிறதெண்டால்

இறைப்பு முடிஞ்சு மாரி துவங்கினால் பம் மூண்டு நாலு மாசம் சும்மா கிடக்கும். தாங்கியில இருக்கிற பெற்றோலை வடிச்சு எடுங்கோ, பிறகு எஞ்சினை ஸ்ராட் பண்ணி தானா நிக்கும் வரைக்கும் ஓடவிடுங்கோ, பம்முக்குள்ள தண்ணி இருக்கோணும், காய்ஞ்ச பம்மை ஓடவிட்டால் சீல் எரிஞ்சிடும். கடைசியா காபரேற்றர் கிண்ணத்துக்கு அடியில இருக்கிற சின்ன வடிகால் ஆணியைக் கழட்டி மிச்சச் சொட்டையும் விடுங்கோ. புல்லு வெட்டுற மெசினும் செயின் சோவும் அப்பிடியே, தாங்கியை வெறுமையாக்கி அணையும் வரைக்கும் ஓடவிட்டால் சரி. வடிச்சது கிட்டடியில அடிச்ச, ஒயில் கலக்காத பெற்றோல் எண்டால் துணியால வடிச்சு மோட்டச்சைக்கிளுக்கு ஊத்தலாம், புதுசோட சேத்துக் கொஞ்சம் கொஞ்சமா.

மணம் மாறிப்போன பழசையும் கழட்டின எஞ்சின் ஒயிலையும் வேலிக்கரையில ஊத்துற பழக்கம் இருக்கு, புல்லுச் சாகட்டும் எண்டு வேணுமெண்டே ஊத்துற ஆக்களும் இருக்கினம். எங்கட நிலம் சுண்ணாம்புக்கல், மேல ஊத்துறது கீழ கிணத்துக்குப் போக நாளாகாது, 2014, 2015 காலத்தில சுன்னாகத்தைச் சுத்தி இருந்த கிணறுகளில எண்ணெய் எண்டு எவ்வளவு போராட்டம் நடந்தது எண்டு தெரியும்தானே. ஒரு பழைய கலனில சேத்து வச்சு, நிரம்பினவுடன பழைய ஒயில் எடுக்கிற கராஜில குடுங்கோ. பழைய பெற்றோலை அந்த ஒயிலோட கலக்காமல் வேற கலனில குடுங்கோ, கலந்தால் அவையள் எடுக்கமாட்டினம்.